புஷ் தனியா வராது சார்!

தலைப்பைப் பாத்துட்டு முன்னாள் அமெரிக்க ஜனாதிபதியை யாரோ தனியா கூப்பிட்டிருக்காங்க, அவர் வரமாட்டேன்னுட்டார் போலன்னு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். :-) இது வேற புஷ். காருக்கு அடியில, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல சத்தம் போடாம உக்காந்திருக்கிற ரப்பர் புஷ். அது தேஞ்சு போனா என்ன ஆகும்ங்கிறதை எட்டு மாசம் அனுபவிச்சவன் என்ற முறையில, வயித்தெரிச்சலோட எழுதுறேன். பொறுமை இருக்கிறவங்க மட்டும் தொடரவும்.

என்கிட்ட இருக்கிறது 2012 மாடல் செடான் ஒண்ணு. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா "எங்க வண்டி அப்படி இல்லை"ன்னு நாலு பேர் சண்டைக்கு வருவாங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி நாலு வருஷம் ஆச்சு. சென்னையில ஐடி வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி நல்லவாட்டுக்கு வந்துட்டு திங்கள் விடியக்காலை கிளம்புறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் நம்ம ஊரு வேகத்தடைகளும் அந்தக் கார் உடம்புக்கு என்ன பண்ணியிருக்கும்னு நான் யோசிச்சதே இல்லை.

போன மழைக்காலத்துல ஒரு சத்தம் ஆரம்பிச்சுது. பிரேக் அடிச்சா ஒரு "டக்". ரிவர்ஸ்லேருந்து ஃபர்ஸ்ட் போட்டு எடுத்தா இன்னொரு "டக்". அவ்வளவுதான். பாட்டு கொஞ்சம் சத்தமா வெச்சா கேக்காது. அதனால பாட்டை சத்தமா வெச்சேன். (சிரிக்காதீங்க. நீங்களும் அதைத்தான் பண்ணுவீங்க.)

அப்புறம் சர்வீஸ் சென்டர். "ஓட்டிப் பாத்தோம் சார், சத்தம் வரலையே" என்றார் அட்வைசர். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இதே டயலாக்கை டெஸ்டிங் டீம்கிட்ட நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன், "என் மெஷின்ல வரலையே"ன்னு! செஞ்ச பாவம் சும்மா விடுமா? இன்னொரு தடவை போனப்போ ஷாக் அப்சார்பர் போயிருக்குன்னாங்க. 7,400 ரூபாய். சத்தம் போகலை. ஸ்டேபிலைசர் லிங்க் மாத்தினாங்க, 1,900. சத்தம் போகலை. இதுக்கு நடுவுல முன் டயர் ரெண்டும் ஒரு பக்கமா தேஞ்சு வழுக்கையாயிடுச்சு, அதுக்கு ஒரு 9,600. மூணு தடவை வீல் அலைன்மென்ட், தடவைக்கு 800. கூட்டிப் பாத்துக்கோங்க: 21,300 ரூபாய்.

இதுல நான் பண்ணின பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடறேன். ரெண்டாவது தடவை அலைன்மென்ட் பாக்கப் போனப்போ, அங்க வேலை பாக்குற தம்பி, இருபது வயசுகூட இருக்காது, கம்ப்யூட்டர் திரையைக் காட்டி, "சார், அளவு நிக்க மாட்டேங்குது. அடியில ஃப்ரேம் நகருதோன்னு தோணுது, ஏத்திப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டான். "நீ அலைன்மென்ட் மட்டும் பாருப்பா, எனக்கு நேரமில்ல"ன்னுட்டேன். கம்ப்யூட்டர் படிச்ச திமிரு, வேற என்ன.

அந்த ரெண்டு பிரிண்ட் அவுட்டும் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளயே கிடந்துது. பின்னாடி எடுத்துப் பாத்தேன். கேம்பர்னு ஒரு அளவு இருக்கு, சக்கரம் உள்பக்கமா எவ்வளவு சாஞ்சிருக்குங்கிற கோணம். முதல் தடவை இடது பக்கம் மைனஸ் 20 நிமிஷம், வலது பக்கம் மைனஸ் 50. (இது கடிகார நிமிஷம் இல்ல, ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம்.) மூணு வாரம் கழிச்சு இடது மைனஸ் 40, வலது மைனஸ் 30. கூட்டிப் பாருங்க, ரெண்டு தடவையும் 70. ஒரு பக்கம் எவ்வளவு கூடுச்சோ மறுபக்கம் அவ்வளவே குறைஞ்சிருக்கு. அப்படின்னா சக்கரம் தனித்தனியா கெட்டுப் போகலை. ரெண்டு சக்கரத்தையும் புடிச்சிருக்கிற சட்டம் முழுசா பக்கவாட்டுல நகர்ந்திருக்கு. எட்டாங்கிளாஸ் கணக்கு. இஞ்சினியரிங் படிச்ச என் கண்ணுல படலை, அந்தப் பையன் கண்ணுல பட்டுருச்சு.

எங்க ஊரு எச்சரிக்கையைக் கேட்டுப் பொழச்ச ஊரு சார். 2004 டிசம்பர் 26 அன்னிக்கு சிங்கப்பூர்லேருந்து வந்த ஒரே ஒரு போன் காலை நம்பி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெச்ச தகவல் மையத்து ஒலிபெருக்கியில கத்தி, சனத்தை எல்லாம் கரையை விட்டு ஓடவெச்சாங்க. அந்த ஊர்ல பொறந்துட்டு, காசு குடுத்து வாங்கின பிரிண்ட் அவுட்டை மடிச்சு உள்ள போட்டவன் நான்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. அம்மா பக்கத்து சீட்டுல. கடலூர் ரோட்டுல தவளக்குப்பம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு டூவீலர் குறுக்க வந்துச்சு. பிரேக்கை அழுத்தினேன். "டக்"ன்னு சத்தத்தோட ஸ்டியரிங் என் கையில ஆடாமலே கார் வலது பக்கமா ஒரு அடி போச்சு. எதிர்ல பஸ். நிறைய தூரம் இருந்துது, ஒண்ணும் ஆகலை. அம்மா ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்ததும் "இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்பா"ன்னாங்க. அந்த ஒரு வரிதான் என்னைக் காருக்கு அடியில படுக்க வெச்சுது.

கண்டுபிடிச்சது எங்க மாமா. தேங்காய்த்திட்டு துறைமுகத்துல விசைப்படகு இஞ்சின் வேலை பாக்குறவர். கார் வேலை தெரியாது. "மாப்ள, முன்னாடி பின்னாடி எடு"ன்னு நாலு தடவை எடுக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இது இஞ்சின் குந்தியிருக்கிற எடம்டா. படகுல பெட் ரப்பர் போனா இப்படித்தான் இடிக்கும்" என்றார். கிட்டத்தட்ட சரி. ஒரு நீட்டு லீவரை சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவுல விட்டு நெம்பினோம். ஒரு விரக்கடை ஏறி இறங்குச்சு. எனக்கு வயிறு கலங்கிருச்சு.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கார் பாடிங்கிறது ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் அதுக்குக் கீழ தனியா ஒரு இரும்புச் சட்டம், அதான் சப் ஃப்ரேம். லோயர் ஆர்ம் ரெண்டும் அதுலதான் மாட்டியிருக்கு, ஸ்டியரிங் ரேக் அதுமேலதான் உக்காந்திருக்கு. பிரேக் அடிச்சா சக்கரம் தள்ற தள்ளு, வளைவுல திரும்பினா பக்கவாட்டுல இழுக்கிற இழுப்பு, எல்லாம் அந்தச் சட்டம் வழியாத்தான் பாடிக்குப் போகும். நிறைய சின்ன கார்கள்ல சட்டத்தை நேரா பாடியில போல்ட் போட்டு இறுக்கிடுவாங்க. சத்தம், அதிர்வு உள்ள வரக்கூடாதுன்னா நடுவுல ரப்பர் மவுண்ட் வெப்பாங்க. வெளியில ஒரு இரும்பு வளையம், உள்ள ஒரு குழாய், ரெண்டுக்கும் நடுவுல ஒட்டவெச்ச ரப்பர். இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. 1959ல வந்த பிரிட்டிஷ் மினி கார்ல சப் ஃப்ரேம் நேரடியாத்தான் பாடியில இறுக்கியிருந்துது. இரைச்சலைக் குறைக்கணும்னு 1976ல முன்பக்கத்துக்கு ரப்பர் வெச்சாங்க. சொகுசுக்காக வெச்ச ரப்பர்தான். ஆனா வெச்ச நாள்லேருந்து ஸ்டியரிங்கோட நேர்மை அந்த ரப்பரை நம்பித்தான் இருக்கு.

ரப்பர்னா வயசாகும். இஞ்சின் சூடு, ஒழுகுற ஆயில், காத்துல இருக்கிற ஓசோன், எல்லாம் சேர்ந்து அதை வெடிக்க வைக்கும். கடற்கரையில கூடுதலா உப்புக்காத்து. உப்பு ரப்பரைத் தின்னாது, ஆனா அதை ஒட்டியிருக்கிற இரும்பைத் தின்னும். இரும்பு துருவேறினா ஒட்டு விட்டுப் போகும். எல்லாம் எதிர்பார்க்கக்கூடிய விஷயம். பத்து வருஷத்துல தேயற பொருள் தேஞ்சு போச்சு. இதுல எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல.

கோபம் எங்க வந்துதுன்னா, சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல.

"நாலு மவுண்ட் வேணும்"னேன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, "புஷ் தனியா வராது சார். சப் ஃப்ரேம் அசெம்பிளியாதான் வரும். 31,000 ஆகும், லேபர் தனி" என்றார். சட்டம் நல்லா இருக்கே, அது எதுக்குன்னு கேட்டேன். "பார்ட் நம்பர் இல்ல சார்." பக்கத்துல நின்ன இன்னொருத்தர் கனிவா, "இந்த வண்டிக்குப் போய் இவ்வளவு செலவா சார்? எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடலாமே" என்றார். அடப்பாவிகளா! சட்டைக்கு பட்டன் கேட்டா சட்டையையே மாத்தச் சொல்றதோட நிக்காம, ஆளையே மாத்தச் சொல்றீங்களே.

யோசிச்சுப் பாருங்க. ஃபேக்டரியில அந்த ரப்பர் தனியாத்தான் வருது. வேற ஒரு சப்ளையர் செஞ்சு அனுப்புறான், இவங்க சட்டத்துல அமுத்தி மாட்டுறாங்க. தனிப் பொருளா உள்ள வந்தது, வெளிய போகும்போது மட்டும் இரும்போட சேர்ந்துதான் போகுமாம். கையளவு ரப்பருக்காக, ஒரு ஆள் தூக்கிச் சுமக்கிற நல்ல இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடணும். இது பொறியியல் காரணம் இல்லைங்க. சுத்தமான வியாபாரம்.

இதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்க, எனக்குத் தெரியும்: "இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம், ரோட்டோர மெக்கானிக் தப்பா அமுத்திட்டா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனா பிரேக் பேட் தனியா விக்கிறீங்களே? டை ராட் எண்ட் தனியா விக்கிறீங்களே? அது கழண்டா உயிர் போகாதா? தப்பா மாட்டுவான்ங்கிற பயம் இருந்தா, எப்படி மாட்டணும்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ரப்பரையே குடுக்க மாட்டேன்னா என்ன ஆகும்? 31,000 இல்லாதவன் அதே ஆட்டத்தோட ஓட்டுவான். பஸ்ஸுக்கு எதிர்ல. இது என்ன பாதுகாப்பு?

சட்டம் இல்லாமலும் இல்ல (இது வேற சட்டம்). ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில விக்க மாட்டேங்கறாங்கன்னு 2011 ஜனவரியில ஒரு தனி மனுஷர் மூணு கார் கம்பெனிகள் மேல புகார் குடுத்தார். இந்தியப் போட்டி ஆணையம் விசாரிச்சு, 2014 ஆகஸ்ட் 25ல 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டுது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கிற மாதிரி பண்ணணும், வெளியில வேலை பாத்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமா ரத்து பண்ணக்கூடாதுன்னெல்லாம் சொல்லுச்சு. அவங்க கோர்ட்டு, மேல்முறையீடுன்னு போனாங்க. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை "பழுது பார்க்கும் உரிமை"க்காக ஒரு குழு போட்டுது, அதே டிசம்பர்ல இணையதளமும் திறந்தாங்க. ஆட்டோமொபைலும் அந்தப் பட்டியல்ல இருக்கு. எல்லாம் நல்ல விஷயம். ஆனா இதுல ஒரு ஓட்டை. "விக்கணும்"னு சொன்னா போதாது, "பிரிச்சு விக்கணும்"னு சொல்லணும். அசெம்பிளியை யாருக்கு வேணும்னாலும் விப்போம்னு அவங்க சொல்லிட்டா, உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்ச மாதிரியும் ஆச்சு, என் 31,000ஐ வாங்கின மாதிரியும் ஆச்சு.

அரசாங்கம் மட்டும் என்ன யோக்கியம்? பிரிட்டன்ல காருக்கு மூணு வயசு ஆயிட்டா வருஷா வருஷம் எம்.ஓ.டி. டெஸ்ட். சப் ஃப்ரேம் மவுண்ட் ஆடுதான்னு பாக்கிறதும் அதுல உண்டு. நம்ம ஊர்ல சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம் யாரும் அடியில குனிஞ்சு பாக்க வேண்டியதே இல்ல. பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, போ போ.

இப்ப நம்ம பக்கம் வர்றேன், ஏன்னா நாம மட்டும் யோக்கியம்னு நினைச்சுக்கக்கூடாது. மாமா என்ன சொன்னார் தெரியுமா? "கன்வேயர் பெல்ட்டை வட்டமா வெட்டி வாஷர் போட்டு இறுக்கிடலாம் மாப்ள, நான் இருபது வருஷமா படகுல போடறேன்." மாமா மேல எனக்கு அன்பு உண்டு. ஆனா படகு இஞ்சின் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு இல்ல. பெல்ட் துண்டு நாலும் நாலு தடிமன்ல அமுங்கும், சட்டம் கோணலா உக்காரும், சத்தம் மட்டும் நின்னு போகும். சத்தம் நின்னாதான் ஆபத்தே. நம்ம ஆளுங்க பாதிப் பேர் "சத்தம் போச்சுல்ல, விடு"ன்னு போயிடறோம். எச்சரிக்கை மெசேஜை மட்டும் கமெண்ட் பண்ணிட்டு கோடை ரிலீஸ் பண்ற மாதிரி. இன்னொரு கோஷ்டி, "பாலியூரித்தேன் புஷ் போடு மச்சி, லைஃப் டைம்"னாங்க. ரேஸ் ஓட்டுறவனுக்குச் சரி. அது ரப்பரை விடக் கெட்டி, வேகத்தடை ஒவ்வொண்ணும் அம்மா இடுப்புல இறங்கும்.

ஆனா மாமாகிட்டயிருந்து ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்த ரெண்டு மாசத்துல படகைக் கரையேத்தி, இஞ்சினை இறக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பாப்பாங்க. வருமானம் இல்லாத மாசத்துல, கடன் வாங்கி. நாம? காருக்கு சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, பின்னாடி சாமி ஸ்டிக்கர். அடியில குனிஞ்சு பாத்தவன் எத்தனை பேர்?

சரி, வேலைக்கு வர்றேன். சென்னை ஜி.பி. ரோட்டுல ஒரு நாள் பூரா சுத்தினேன். ஆறாவது கடையில, வெளிக் கம்பெனி தயாரிப்பு, நாலு மவுண்ட் செட் 4,600க்குக் கிடைச்சுது. அதாவது ஊர்ல யாரோ ஒருத்தன் தனியா செஞ்சு விக்கிறான். கார் செஞ்சவனுக்குத்தான் முடியலையாம். புதுப்பேட்டையில பழைய சப் ஃப்ரேமே 6,000க்கு எடுத்துக்கோன்னாங்க. அதுலயும் அதே வயசு ரப்பர்தானே, வேணாம்னுட்டேன்.

முதலியார்பேட்டை பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் ஒத்துக்கிட்டார். ரெண்டு நாள் கூடவே உக்காந்திருந்தேன். சட்டம் பாடியில எங்க உக்காந்திருக்குன்னு முதல்ல பெயிண்டால குறி போட்டார். இஞ்சினை மேலேருந்து பார் போட்டுத் தொங்கவிட்டார். ஸ்டியரிங் திரும்பாம கட்டி வெச்சு, காலம் ஜாயின்ட்டைக் கழட்டி, சட்டத்துக்கு அடியில ஜாக்கி குடுத்து மெதுவா இறக்கினார். மூணு போல்ட் துரு ஆயிலுக்குக் கட்டுப்பட்டு வந்துது. நாலாவதுதான் நம்ம ஊரு உப்போட கைவரிசை: பாடிக்கு உள்ள வெல்டு பண்ணியிருக்கிற நட்டு, துருப்புடிச்சு விட்டு, போல்ட்டோட சேர்ந்து சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, நட்டை ஸ்பேனரால புடிச்சுக் கழட்டி, புது நட்டு வெல்டு பண்ணி, தகரத்தை மூடி, பெயிண்ட் அடிச்சார். அதுக்கே அரை நாள்.

பழைய மவுண்ட்டை புல்லர் போட்டு உருவினப்போ உள் குழாய் தனியா கையோட வந்துருச்சு. ஒட்டே இல்ல. புதுசை அமுத்தும்போது ரப்பர்ல இருக்கிற ஓட்டை எந்தப் பக்கம் பாக்கணும்னு பழைய குறியைப் பாத்து வெச்சார். போல்ட் நாலும் புதுசு, 720 ரூபாய். நீளுற வகைப் போல்ட், ஒரு தடவை இறுக்கினா மறுபடி போடக்கூடாது. டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்கினார். லோயர் ஆர்ம் போல்ட்டை மட்டும் கார் தரையில சக்கரத்துல நின்னப்புறம்தான் கடைசியா இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்குமாம். எந்த ட்ரெயினிங் சென்டர் சர்ட்டிஃபிகேட்டும் சுவத்துல மாட்டலை. கூலி 5,500.

மவுண்ட், போல்ட், கூலி, கடைசி அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 11,620 ரூபாய். தண்டமா அழுத 21,300ல பாதி. கவுண்டர்ல கேட்ட 31,000த்துல மூணுல ஒரு பங்கு கொஞ்சம் கூட.

அலைன்மென்ட்டுக்கு அதே கடைக்குத்தான் போனேன். அதே தம்பி. ரெண்டு பக்கமும் மைனஸ் 35 காட்டுச்சு. "நீ அன்னிக்கே சொன்னப்பா, நான்தான் கேக்கலை. சப் ஃப்ரேம் மவுண்ட்தான்"னேன். "தெரியும் சார்"ன்னு சொல்லிட்டு, பிரிண்ட் அவுட்டைக் கையில குடுத்துட்டு, அடுத்த காரை ஏத்தப் போயிட்டான்.

அம்மா இன்னும் பஸ்லதான் வர்றாங்க. வர்ற வாரம் கேட்டுப் பாக்கணும்.